உப்பு ஏறிய ஊற்று

ஒரு பெண்ணின் மேல் பொய் சொல்லி, அவளுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் குடிதண்ணீர் கிடைக்காமல் செய்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. வயதைச் சொல்வது மன்னிப்புக்காக அல்ல. பத்து வயதில் எது உண்மை, எது பொய் என்று ஒருவனுக்கு நன்றாகவே தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் போனது வேறொன்று. அதைத் தெரிந்துகொள்வதற்குள் கிழவனாகிவிட்டேன்.

மதுரையில் அப்பா வேலை பார்த்த நூற்பாலையை மூடிவிட்டார்கள். சில மாதங்கள் மூடிய கதவின் முன்னால் போய் நின்றுவிட்டு வந்தார். பிறகு ஒரு நாள், “ஊருக்குப் போயிரலாம்” என்றார். அவருக்கு அது ஊர். அம்மாவும் நானும் அதைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய் வந்த இடமாகத்தான் அறிவோம். உச்சிப்புளியில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போனோம். பெரியப்பா தன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு அறை மண்வீட்டைத் திறந்துவிட்டார். வாங்க என்றார், உட்காருங்க என்றார். ஆனால் வயலை விட்டு ஓடிப்போன தம்பி, மில்லை விட்டுத் திரும்பி வந்திருக்கிறான் என்பது அவருடைய முகத்தில் எழுதியிருந்தது.

மதுரைக்காரன் என்பதால் பையன்கள் என்னை ‘மருத’ என்றுதான் கூப்பிட்டார்கள். பெயர் கேட்கவே இல்லை. நான் ‘அப்பா’ என்று சொன்னால் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“அப்பாவாம்ல அப்பா! ஏலே மருத, இங்கன எல்லாம் அய்யாதாம்லே. அப்பாங்குறது மெட்ராசுல விக்கிற மிட்டாயி.”

கருவேல முள் குத்தினால் எப்படி நிற்பது, எப்படிப் பிடுங்குவது என்பதுகூட எனக்குத் தெரியாது. ஒற்றைக் காலில் நின்று அழுவேன். அதற்கும் சிரிப்பார்கள். பையன்களின் சிரிப்பை நான் பொறுத்துக்கொண்டேன். அம்மாவைப் பார்த்துப் பெண்கள் சிரித்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

அது தண்ணீர் விஷயம். மாசியில் கண்மாய் வற்றும், பங்குனியில் ஊருணியும் வற்றிவிடும். அதற்குப் பிறகு ஊருக்குக் குடிக்கத் தண்ணீர், பனங்காட்டைத் தாண்டிக் கடல் பக்கம் இருந்த மணல்மேட்டில்தான். மணலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி வைத்திருப்பார்கள். அதுதான் ஊற்று. அடியில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கசியும். குழியோரம் குந்தி உட்கார்ந்து, தேய்த்து மெருகேற்றிய தேங்காய்ச் சிரட்டையால் மேலாக வழித்து எடுத்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். கலங்கிவிட்டால் தெளியும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு குடம் நிறைவதற்குள் ஊர்க்கதை முழுவதும் பேசி முடித்துவிடுவார்கள். கடைசியாக அள்ளுகிறவள் குழியின் மேல் பனை ஓலையைப் பரப்பி, நாய் வாய் வைக்காதபடி கல்லை வைத்துவிட்டுப் போவாள்.

அம்மா முதல் நாள் எவர்சில்வர் செம்பை எடுத்துக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். செம்பைக் குழிக்குள் விட்டு அவள் ஒரு அமுக்கு அமுக்கியதும் தண்ணீர் சேறாகிவிட்டது.

“ஏக்கா, நில்லுங்க நில்லுங்க!” என்று வடக்கு வீட்டுச் சின்னம்மா கத்தினாள். அப்பாவின் பங்காளி மனைவி அவள்; எதையும் உரக்கத்தான் சொல்லுவாள். “செம்ப விட்டா கலக்குறது? மருதையில கொழாயத் திருகுனாக் கொட்டும். இங்கன கெஞ்சுனாத்தான் வரும்.”

“அவுகளுக்குக் கெஞ்சித் தெரியாதுடீ,” என்றாள் வரிசையில் இருந்த ஒருத்தி. “டவுன்காரவுக. அதட்டித்தான் பழக்கம்.”

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். அன்றைக்குச் சின்னம்மா இன்னொன்றும் சொன்னாள். “முழங்காலுக்குக் கீழ தோண்டிராதீகக்கா. கீழ உப்பு படுத்துக் கெடக்கு. தட்டி எழுப்பிட்டா அப்புறம் அது தூங்காது.” பேய்க்கதை மாதிரி இருந்தது. மதுரையில் எங்கள் தெருவில் ஆழ்குழாய்க் கிணறு போட்டபோது, இன்னும் ஆழம் போ, இன்னும் ஆழம் போ என்றுதான் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆழத்தில்தான் தண்ணீர் இருக்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவின் முறை எப்போதும் கடைசியில்தான் வரும். தாமதமாக வந்து சேர்ந்தவளுக்கு அதுதான் நியாயம். அவளுடைய முறை வரும்போது குழியில் ஈரம் மட்டும் இருக்கும். அரைக் குடம் மண்டித் தண்ணீரோடு வருவாள். தேற்றாங்கொட்டையை உரைத்துப் போட்டுத் தெளியவைப்பாள். ஒருநாள் சாயங்காலம் அவள் அப்பாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

“என்னால முடியலைங்க. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு மதுரைக்கு எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். பையன் பள்ளிக்கூடம் போறான், அவன் உங்களோட இருக்கட்டும்.”

அப்பா களத்தில் காயப்போட்டிருந்த மிளகாயைக் காலால் கிளறிக்கொண்டே இருந்தார். அம்மா போய்விடுவாள், தங்கையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள், என்னை விட்டுவிட்டுப் போய்விடுவாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தால் அம்மா போகமாட்டாள் என்றும் தோன்றியது. அந்தக் கணக்கு தப்பில்லை.

மறுநாள் அப்பா மிளகாய் மூட்டையோடு இராமநாதபுரம் போயிருந்தார். நல்ல மத்தியானம். ஊரே களத்தில் வேலையாக இருந்தது, அல்லது நிழலில் கிடந்தது. நான் மண்வெட்டியையும் சின்னக் குடத்தையும் எடுத்துக்கொண்டு பனங்காட்டு வழியாக ஊற்றுக்குப் போனேன். ஓலையை விலக்கிவிட்டுக் குழிக்குள் இறங்கித் தோண்டினேன். மணல் சரியச் சரிய அள்ளி வெளியே போட்டேன். என் தொடையளவுக்கு வந்ததும், நாலு பக்கமிருந்தும் தண்ணீர் சுரந்து வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இளநீர் மாதிரி இருந்தது. குடத்தை நிறைத்தேன். ஓரத்து மணலைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, ஓலையை மூடிக் கல்லை வைத்தேன். நாளைக் காலையில் எல்லாருக்கும் குடம் குடமாகக் கிடைக்கும். யார் செய்தது என்று கேட்பார்கள். அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தபடி நடந்தேன்.

வழியில் அந்தோணியம்மா எதிரே வந்தாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து காலையில் மீன்கூடையோடு வந்து, நாலைந்து ஊர்களில் விற்றுவிட்டு மத்தியானம் திரும்புகிறவள். அவர்கள் குப்பத்துக் கிணறு கோடையில் கரிக்கும் என்பதால், திரும்பும்போது எங்கள் ஊற்றில் ஒரு சின்னக் குடம் எடுத்துக்கொள்ள ஊர் விட்டிருந்தது. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அள்ளி முடித்த பிறகுதான் வர வேண்டும். அவளுக்கென்று ஒரு தனிச் சிரட்டை பனைமரத்தில் கட்டித் தொங்கும். மற்றவர்களுடையதைத் தொடக் கூடாது. அவள் கூடையைத் தூரத்தில், காற்று ஊற்றின் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து இறக்கி வைப்பாள். மணலை அள்ளி இரண்டு கைகளையும் முழங்கைவரை தேய்த்துக்கொண்டுதான் சிரட்டையை எடுப்பாள். சில நாள் அவளுடைய சின்ன மகளும் கூட வரும். அது கூடைக்குக் காவலாக அங்கேயே உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் வராது. இதையெல்லாம் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘இவளுக்கு இருக்கிற சுத்தம் யாருக்கு வரும்’ என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

“ஏலே தம்பி, மண்டையப் பொளக்குற வெயில்ல தனியா எங்க போயிட்டு வார?” என்றாள்.

என் மண்வெட்டியைப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள்.

“சிந்தாமப் போலே. தண்ணியில்ல, பாலு அது.”

வீட்டில் அம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “எப்படிடா?” என்று கேட்டாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அள்ளினேன் என்றேன். என் கால்களில் ஒட்டியிருந்த ஈர மணலைப் பார்த்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தத் தண்ணீரில் காபி போட்டாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்குத்தான் காபி காபியாக இருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் விடிந்ததும் சின்னம்மாவின் குரல் தெருவையே எழுப்பியது.

“உப்பு ஏறிருச்சு! அடியே, ஊத்துல உப்பு ஏறிருச்சு! வாயில வைக்க முடியல!”

அம்மா வாசலில் வந்து நின்றாள். என் முகத்தை ஒருமுறை பார்த்தாள். “நீ போய் என்னன்னு பாத்துட்டு வா. நான் பாப்பாவைப் பாத்துக்கிட்டு வரேன்” என்றாள்.

ஊற்றைச் சுற்றி ஊரே நின்றது. இராத்திரியில் மணல் சரிந்து குழி அகன்று கிடந்தது. பெரியப்பா ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்பினார். இனி மழை பெய்து தெளியும்வரை இந்த ஊற்று ஆகாது. மூடிவிட்டு, மேட்டின் அந்தக் கோடியில்தான் புதிதாகத் தோண்ட வேண்டும். கோடை முழுவதும் அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

“நேத்து மத்தியானத்துக்கு மேல இங்கன வந்தது யாரு?” என்று பெரியப்பா கேட்டார்.

ஒவ்வொருவராக இல்லை இல்லை என்றார்கள். அவருடைய கண் சுற்றி வந்து என்னிடம் நின்றது. “நீ பாத்தியாடா?”

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பொய்தான், ஆனால் யார் மேலும் விழாத பொய். நான் சொன்னது இது: “மீன்காரம்மா வந்தாங்க. ஊத்துத் தண்ணியில கூடையைக் கழுவிக்கிட்டு இருந்தாங்க.”

ஒரு கணம் யாரும் பேசவில்லை. பெரியப்பா குழியைப் பார்த்தார். சின்னம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். அந்த ஒரு கண அமைதியை என் பொய் வேலை செய்ய எடுத்துக்கொண்ட நேரம் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன்.

நாங்கள் ஊற்றிலிருந்து திரும்பும்போதே அந்தோணியம்மா காலை விற்பனைக்குக் கூடையோடு வந்தாள். சின்ன மகளும் கூட வந்திருந்தது. ஊர் எல்லையில் வேப்பமரத்தடியில் மறித்துவிட்டார்கள்.

“ஏத்தா, தாகத்துக்கு வந்தவளாச்சேன்னு விட்டோம். கூடையக் கழுவ ஒனக்கு எங்க ஊத்துதான் கெடச்சுச்சாக்கும்?” என்றார் பெரியப்பா.

“யாரு, நானா?” கூடையை இறக்கி வைத்தாள். “மாதா மேல சத்தியமாச் சொல்றேன், கூடைய நான் பத்தடி பக்கத்துல கொண்டுபோனதில்ல. தண்ணி அள்ளும்போது நின்னு பாத்தவுக இருந்தாச் சொல்லச் சொல்லுங்க.” சுற்றிப் பார்த்தாள். என்னைக் கண்டுவிட்டாள். “இந்தா நிக்கிறானே, இவனக் கேளுங்க. நேத்து மம்பட்டியும் குடமுமா எனக்கு எதுக்க வந்தான். தொடை வரைக்கும் மண்ணு. மம்பட்டி எதுக்குலே கொண்டுபோன? சொல்லுலே தம்பி!”

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். சின்னம்மாதான் என் முன்னால் வந்து நின்றாள்.

“ஏய், நம்ம புள்ளையச் சொல்லாத. ஒன் தப்புக்கு எங்க புள்ளைய இழுக்குற வேல வச்சுக்கிறாத.”

நம்ம பிள்ளை. அந்த ஊரில் என்னை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. இவ்வளவு பயத்துக்கு நடுவிலும் அந்தச் சொல் என் வயிற்றில் சூடாக இறங்கியது. அதையும் சேர்த்தே இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

“மம்பட்டிய வேணாப் போயிப் பாருங்க,” என்றாள் அந்தோணியம்மா.

பெரியப்பா எங்கள் வீட்டுக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். மண்வெட்டி பின்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றது. அதன் பக்கத்தில் தங்கை உட்கார்ந்து தரையை விரலால் கீறி விளையாடிக்கொண்டிருந்தாள். நான் ஓடிப்போய் அவளை இழுத்துத் தள்ளி உட்காரவைத்தேன். அம்மா கொல்லைக் கதவருகில் நின்றாள்.

“இது நேத்து வெளிய போச்சா?” என்று பெரியப்பா கேட்டார்.

“இல்ல,” என்றாள் அம்மா. “வீட்டுலதான் இருந்துச்சு. பாருங்க, மண்ணு கூட ஒட்டல.”

பெரியப்பா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். திரும்பச் சாய்த்து வைத்துவிட்டு, உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். “சுத்தமாத்தான் இருக்கு,” என்றார்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் அதைத் துடைக்கவில்லை. கடற்கரை மணல் காய்ந்தால் தானாக உதிர்ந்துவிடும் போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா தெரியாமலே எனக்காகப் பொய் சொல்லும்படி ஆகிவிட்டதே என்றும் ஒரு வேதனை இருந்தது.

அந்தோணியம்மா வீட்டை ஒட்டிய சந்தின் முனையிலேயே மகளோடு நின்றிருந்தாள். அவள் மண்வெட்டியைப் பார்க்கவில்லை. அதன் அடியில் தரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பாத்துக்கிட்டியாத்தா?” என்றார் பெரியப்பா.

“பாத்துட்டேன்யா,” என்றாள். கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, வந்த வழியே போனாள். பனைமரத்தில் தொங்கிய அவளுடைய சிரட்டையை யாரோ அன்றைக்கே உடைத்துப் போட்டார்கள். புது ஊற்றைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டி வைத்தார்கள். அவளிடம் யாரும் மீன் வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. முடிவு தேவைப்படவில்லை, அவள் பிறகு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் சின்னம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நன்றாகத் தேய்த்த சிரட்டை ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்தாள். “நாளைக்கு விடியல்ல எங்கூட வாங்கக்கா. கடைசியில நின்னு என்னத்துக்கு? நம்மளுக்குள்ள என்ன மொற?” என்றாள். இராமநாதபுரத்திலிருந்து திரும்பிய அப்பாவிடம் யாரும் எதையும் விவரமாகச் சொல்லவில்லை. பையன்கள் என்னை மருத என்று கூப்பிடுவதை விட்டார்கள். நானும் சில நாட்களில் ‘அய்யா’ என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அம்மா மதுரைக்குப் போகும் பேச்சை எடுக்கவே இல்லை. அந்த ஊரிலேயே இருந்து, அந்த ஊரிலேயே இறந்தாள். கடைசிவரை ஊற்றுக்கு அவள்தான் காவல்காரி மாதிரி இருந்தாள். புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்களிடம், “முழங்காலுக்குக் கீழ தோண்டிராதீங்க” என்று அவள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அப்போது என் பக்கம் திரும்ப மாட்டாள்.

நான் படித்தேன். ஊரை விட்டுப் போய்க் கல்லூரியில் புவியியல் ஆசிரியனானேன். கடலோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஓரிடத்தில் ஆழமாக எடுத்தால் கீழே இருக்கும் உப்பு அங்கே கூம்பாக மேலெழும். இந்தப் படத்தை ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் வரைந்தேன். தோண்டிய அன்றைக்கு இனிப்பதும், மறுநாள் கரிப்பதும் ஏன் என்று மாணவர்களுக்கு விளக்கினேன். வரையும்போது ஒவ்வொரு முறையும் அந்தோணியம்மாவின் முகம் வரும். சுண்ணக்கட்டி படிந்த கையைத் தட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

ஓய்வு பெற்றபின் மனைவியோடு ஊருக்கே வந்துவிட்டேன். இப்போது லாரித் தண்ணீரும், என்றைக்கோ வரும் குழாய்த் தண்ணீரும், கேனில் விற்கும் தண்ணீரும் இருக்கின்றன. மணல்மேடு கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வந்த வருடமே, கோயில் பொங்கலுக்கு ஊர் கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். அன்றைக்கு ஊற்றைக் கெடுத்தவன் நான், மீன்காரம்மா அல்ல என்று. இளவட்டங்களுக்கு ஊற்று என்றாலே என்னவென்று தெரியவில்லை. வாத்தியார் எதற்கோ பேசுகிறார் என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்தை அறிந்தவளாக மிச்சம் இருந்தது வடக்கு வீட்டுச் சின்னம்மா மட்டும்தான். வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள்.

“அட கிறுக்குப் பயலே! இதையா இம்புட்டு நாளும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு அலைஞ்ச? நம்ம புள்ளைய நாம விட்டுக் குடுத்துருவமா?”

“அப்படின்னா உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா சின்னம்மா?”

“என்னத்தத் தெரிய? முடிஞ்ச கதை. போ, போயிப் பொங்கல வாங்கு, ஆறிப்போகுது.”

வெற்றிலையை மென்றபடி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இப்போது எங்கள் ஊருக்கு மொபெட்டில் மீன் கொண்டுவரும் பையனிடம் விசாரித்து, அந்தோணியம்மாவின் குடும்பம் தங்கச்சிமடத்தில் இருப்பதாகத் தெரிந்துகொண்டேன். அவள் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அன்றைக்குக் கூடைக்குக் காவல் இருந்த மகள்தான் இருக்கிறாள் என்றான். உச்சிப்புளியில் பஸ் ஏறிப் போனேன்.

அவளுடைய மகன்கள் படகில் போகிறவர்கள். அவள் வீட்டு முன்னால் கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போடச் சொன்னாள். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தொடையளவு தோண்டியதை, கூடையைக் கழுவினாள் என்று சொன்னதை, வேப்பமரத்தடியில் வாய் திறக்காமல் நின்றதை. அவள் கை நிற்கவில்லை. காரலைக் காரலோடும் சாளையைச் சாளையோடும் போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நீங்கதானா அது?” என்றாள். “எங்கம்மா உங்க ஊர்ப் பேரச் சொல்லாது. மொளகாக்கார ஊருன்னுதான் சொல்லும். அந்தக் கோடை பூராவும் கரிச்ச தண்ணியத்தான் குடிச்சோம். என் தம்பிக்கு வயித்தால போயி, பொழைக்கிறதே பெரும்பாடாப் போச்சு. அந்தப் பக்கம் நாலு ஊர்லயும் ஏவாரம் விட்டுப்போச்சு. ஒரு ஊருல வாங்கலைன்னா அடுத்த ஊருலயும் யோசிப்பாகள்ல? அப்புறம் அம்மா பாம்பனுக்கு வந்து கருவாட்டுக் கொட்டாயில கூலிக்குச் சேந்துச்சு.”

நான் கைகூப்பினேன். மன்னிக்க வேண்டும் என்றேன். என்ன செய்யச் சொன்னாலும் செய்கிறேன் என்றேன்.

“நீங்க என்ன சார் பண்ணுவீக? நீங்க அப்பச் சின்னப்புள்ள. உங்க மேல எங்கம்மாவுக்குக் கோவமே கெடையாது. பயந்துபோயிச் சொல்லிட்டான்னுதான் சொல்லும்.” ஒரு சாளையை முகர்ந்து பார்த்துத் தனியே போட்டாள். “பெரியவுகளத்தான் சொல்லும். ஊத்துத் தண்ணி குடிச்சே வளந்த ஆளுகளுக்கு, உப்பு கூடையில இருந்து வருமா, குழியில இருந்து வருமான்னு தெரியாதா சார்? கூடையக் கழுவுனாக் கவிச்சி அடிக்கும். கரிக்கவா செய்யும்?”

முப்பது வருடம் அந்தப் படத்தை வரைந்தவன் நான். கூடையைக் கழுவினால் உப்பு ஏறாது என்பதை யாரும் யோசிக்கவில்லையா என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. என் பொய்யை ஊர் நம்பிவிட்டது என்றே வைத்திருந்தேன்.

அந்தோணியம்மாவின் கல்லறைக்குப் போய் வரலாமா என்று கேட்டேன்.

“தாராளமாப் போங்க. கோயிலுக்குப் பின்னாடிதான். எங்க கல்லறைக்கு யாரு வேணாலும் வரலாம் சார். நாங்க முள்ளு வெட்டி வைக்கல.”

சொன்ன பிறகு அவளுக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போய், ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடித்தபின் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்:

“ஒன்னே ஒன்னுதான் சார் எங்கம்மாவுக்கு ஆறவே இல்ல. ‘அந்த மருதக்காரி மம்பட்டியக் கழுவுன நேரத்துல எங்கிட்ட வந்து, எம்புள்ள தெரியாமச் செஞ்சுட்டான்னு காதோட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பழிய நானே வாங்கிட்டுப் போயிருப்பேனே. நானும் புள்ள பெத்தவதானே’ன்னு சொல்லிச் சொல்லி மாயும்.”

“மண்வெட்டியைக் கழுவினாங்களா? யாரு?”

அவள் என்னை வினோதமாகப் பார்த்தாள். “உங்கம்மாதான் சார். தரையெல்லாம் ஈரமாக் கெடந்துச்சே. நானும் எங்கம்மாவும் முனையில நின்னு பாத்தோம். உங்களுக்குத் தெரியாதா?”

கல்லறைக்குப் போனேன். மெழுகுவத்தி வாங்கிக்கொண்டுதான் போனேன், காற்றில் நிற்கவில்லை. சிமெண்டின் மேல் படிந்திருந்த மணலைக் கையால் தள்ளிவிட்டு வந்தேன். திரும்பும் பஸ் பாம்பன் பாலத்தின் மேல் வந்தபோது இரண்டு பக்கமும் கடல். இறந்துபோன அம்மாவிடம் இனி என்ன கேட்பது? அவள் தெரியாமல் பொய் சொன்னாள் என்று இத்தனை காலம் அவளுக்காக நான் வருந்தியிருந்தேன். முகம் கழுவுவதற்கே கை நனைக்கும் அளவு தண்ணீர் தருகிறவள், நான் கொண்டுவந்த குடத்திலிருந்து மண்வெட்டிக்கென்று எடுத்து ஊற்றியிருக்கிறாள். என்னை ஊற்றுக்கு அனுப்பிவிட்டு, நான் அங்கே வாயைத் திறந்து பொய் சொல்வதற்கு முன்பே அதைச் செய்து முடித்திருக்கிறாள். பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டது வியர்வைக்காக இல்லை. பிடி ஈரமாக இருந்திருக்கிறது. ஈரக்கையோடுதான் அவர் “சுத்தமாத்தான் இருக்கு” என்று சொல்லியிருக்கிறார். அந்தக் கொல்லையில் நின்ற அத்தனை பேரிலும் ஏமாந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

தங்கை சுவரோரமாக உட்கார்ந்து, அந்த ஈரத்தில்தான் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பிடித்து இழுத்து, விரலில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துவிட்டு, மண்ணில் விளையாடாதே என்று அதட்டினேன்.